விழுந்தவனும் சிரித்தவனும்: வட ஆர்க்காட்டுக் கூத்தில் துரியோதனன்

1968 செப்டம்பரில் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி, சனிக்கிழமை காலையில் குழந்தைகளுக்காக ‘வேக்கி ரேசஸ்’ என்ற கார்ட்டூனை ஒளிபரப்பத் தொடங்கியது. எடுத்தவர்கள் ஹன்னா-பார்பெரா நிறுவனத்தார். பதினொரு வண்டிகள் ஓடும் பந்தயத்தில் 00 எண் வண்டி டிக் டாஸ்டர்ட்லி என்ற வில்லனுடையது. பக்கத்தில் மட்லி என்னும் நாய். முந்திக்கொண்டு போகிறவன் சும்மா போகமாட்டான். வண்டியை நிறுத்திப் பின்னால் வருகிறவர்களுக்குப் பொறி வைப்பான், அதில் தானே போய் விழுவான். 34 பந்தயங்களில் ஒன்றிலும் அவன் வெல்லவில்லை. மறு ஆண்டு இதே இருவரும் விமானம் ஏறித் தூதுப் புறா ஒன்றைத் துரத்தினார்கள். புறா தப்பிக்கொண்டே இருந்தது. 1995இல் கார்ட்டூன் நெட்வொர்க் இந்தியாவுக்கு வந்தபின் ஹன்னா-பார்பெராவின் பழைய தொடர்கள் நம் வீடுகளிலும் ஓடின.

வில்லன் இடறி விழுவதும் பார்ப்பவர்கள் சிரிப்பதும் பழைய வட ஆர்க்காட்டின் வேலூர், ஆம்பூர் வட்டாரத்துக்குப் புதியவை அல்ல. திரௌபதி அம்மன் கோயில்களின் பாரத விழாவில் ஆடப்படும் தெருக்கூத்து, இந்தச் சிரிப்பை நெடுங்காலமாகக் கையாண்டு வருகிறது. ஆனால் கார்ட்டூன் சிரிப்போடு நின்றுவிடுகிறது. கூத்து அந்தச் சிரிப்புக்குக் கணக்குக் கேட்கிறது. இந்த வேறுபாடுதான் வட ஆர்க்காட்டுக் கூத்தின் தனிச் சிறப்பு என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஒப்புமையை முதலில் பார்ப்போம். இரண்டு பேர் திரை பிடித்து நிற்க, துரியோதன வேஷக்காரர் திரைக்குப் பின்னாலிருந்து விருத்தம் பாடுவார். மிருதங்கமும் முகவீணையும் சூடேறியதும் திரை விலகும். செவ்வண்ணம் பூசிய முகம், பெரிய கிரீடம், தோளில் புஜகீர்த்தி, மார்பில் பதக்கம்; அரங்கையே சுற்றிச் சுழன்று வருவார். அத்தனை மிடுக்கோடு வந்து நிற்கும் அரசனைக் கட்டியக்காரன் நீ யார், எந்த ஊர் என்று விசாரிப்பான். அரசன் தன் பெருமையைச் சொல்லச் சொல்ல, அதை உள்ளூர்ப் பேச்சில் கோணலாகத் திருப்பிச் சொல்வான். சபையில் சிரிப்பு எழும். இவன் எதிரணி ஆளல்ல, அரசனின் சொந்தக் காவலன் என்பதைக் கவனிக்க வேண்டும். மட்லியும் அப்படித்தான். பதக்கத்துக்கு ஆசைப்பட்டு எசமானுக்கு ஊழியம் செய்யும். அவன் விழும்போது மூச்சடக்கிச் சிரிக்கும். வில்லனைப் பார்த்துச் சிரிக்கும் முதல் உரிமை அவனிடம் வேலை செய்பவனுக்கே என்று இரண்டு கலைகளும் சொல்கின்றன. சம்பளத்துக்கு வேலை செய்யும் எந்த ஊரிலும் இதற்குச் சிரிப்பு கிடைக்கும். தோல் ஷாப்பிலும் ஷூ கம்பெனியிலும் ஆயுளைக் கழித்தவர்கள் நிறைந்த சபையில் கிடைக்காமல் போகுமா?

ஒப்புமை இதற்கு மேல் செல்லாது. மட்லிக்குப் பேச்சு வராது, முனகல்தான். எசமான் விழுந்தால் அதுவும் கூடவே விழும். கட்டியக்காரனுக்கோ பேச்சே ஆயுதம். துரியோதனன் சபையில் நின்றவன் அடுத்த காட்சியில் தருமன் சபையிலும் நிற்பான். கதையை விட்டு வெளியே வந்து ஊர் நடப்பையும் பேசுவான். அவனுக்கு வீழ்ச்சி கிடையாது.

துரியோதனன் இடறி விழும் இடம் மயன் கட்டிய மண்டபம். தரையென்று நினைத்து நீரில் விழுகிறான். நீரென்று நினைத்துத் தரையில் ஆடையைத் தூக்கிக்கொள்கிறான். கார்ட்டூன்காரர்கள் கேட்டால் அப்படியே எடுத்துக்கொள்வார்கள். ஆனால் பாரதத்தில் இந்தச் சிரிப்பிலிருந்துதான் சூதும் துகிலுரிதலும் பதினெட்டு நாள் போரும் பிறக்கின்றன. வியாச பாரதத்தின் சபா பருவத்தில் ஒரு நுட்பம் உண்டு. நிகழ்ச்சியைச் சொல்லும் இடத்தில் சிரிப்பவர்கள் பீமனும் தம்பியரும் ஏவலாட்களும்தான். பிறகு தகப்பனிடம் முறையிடும் துரியோதனனோ, கண்ணனும் திரௌபதியும் அவளுடைய பெண்களும் சிரித்ததாகச் சொல்கிறான். அவமானப்பட்டவன் மனத்தில் சிரித்தவர்களின் கூட்டம் பெருகுகிறது. திரௌபதியின் சிரிப்பே போருக்கு வித்து என்று இன்றும் நம் ஊர்களில் பேசப்படுவது, அந்த முறையீட்டின் குரல்தான் என்று நான் கருதுகிறேன்.

கூத்துக்கு இந்த ஆபத்து தெரியும். துகில் காட்சியில் துச்சாதன வேஷக்காரர் சேலையில் கை வைக்கும் முன் சூடம் ஏற்றி, அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளும் வழக்கம் உண்டு. இழுத்து இழுத்து ஓய்ந்து அவர் விழும்போது சபையில் சிரிப்பு எழுவதில்லை. கடைசி நாள் படுகளத்தில் மண்ணால் செய்த பேருருவாகத் துரியோதனன் படுத்திருப்பான். பீமன் தொடையில் அடிப்பான். திரௌபதி கூந்தல் முடிப்பாள். வில்லன் ஒழிந்தான் என்று கூத்து அத்தோடு கலைந்துவிடாது. அவன் மனைவி பெருந்திருவாளின் ஒப்பாரி எழும். நேற்றுவரை அவனைக் கண்டு சிரித்த ஊர் அவனுக்காக அழக் கடமைப்பட்டது.

டாஸ்டர்ட்லிக்கு ஒப்பாரி பாட ஆளில்லை. அடுத்த வாரம் அவன் அதே வண்டியோடு வந்துவிடுவான். குழந்தைகள் பொழுதுபோக்கையும் கோயில் சடங்கையும் ஒரே தராசில் வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அமெரிக்கக் குழந்தை நிகழ்ச்சிகளில் வன்முறையும் விளம்பரமும் மிகுந்துவிட்டதாகத் தாய்மார்கள் ஒன்றுதிரண்டு இயக்கம் தொடங்கியதும் அதே 1968இல்தான். அடி விழலாம், வலி தெரியக்கூடாது என்பது அந்தச் சூழலுக்குப் பொருந்திய தீர்வு. ஆனால் படுகளத்தில் தாயின் இடுப்பில் குழந்தையும் இருக்கிறது. சிரிப்பும் அழுகையும் ஒருவனுக்கே உரியவை என்பதைக் கைக்குழந்தையும் பார்க்கலாம் என்று நம் ஊர் நம்பியது. அந்த நம்பிக்கை சரியானது என்பேன்.

அழுகைக்கும் இடம் வைப்பது இன்றைய சிக்கலும்கூட. சீதாராமையா குழுவின் பரிந்துரைப்படி பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதிக்கு 1973இல் கட்டுப்பாடு வந்தபின், தோல் பதனிடும் இந்த வட்டாரம் ஷூ தைக்கும் வட்டாரமாகவும் மாறியது. பாலாற்றங்கரைக் கிராமங்களில் விடிந்ததும் கம்பெனி பஸ் வந்து நிற்கிறது. ஏறுபவர்களில் பெரும்பங்கு பெண்கள். இரவு பத்துக்குத் தொடங்கி விடியும்வரை ஆடும் கூத்தை அவர்கள் எப்படி முழுதாகப் பார்ப்பார்கள்? நேரத்தைக் குறைக்கச் சொல்வது இயல்பு. குறைக்கும்போது சிரிப்பு தங்கிவிடும், ஏனென்றால் அதற்குக் கூட்டம் உண்டு. ஒப்பாரியே முதலில் வெட்டுப்படும். அப்படி வெட்டினால் மிஞ்சுவது டாஸ்டர்ட்லிதான்.

செய்யாறு அருகே புரிசையின் தம்பிரான் பரம்பரை கூத்தைக் காத்துவருகிறது. புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. அந்தப் பெருமையோடு, விழா நடத்தும் ஊர்ப் பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள்: நேரம் போதாவிட்டால் கட்டியக்காரனின் பேச்சைச் சுருக்குங்கள், வேஷக்காரர்களோடு கலந்து பேசிப் போர்க்காட்சிகளையும் சுருக்குங்கள். படுகளத்தை ஞாயிற்றுக்கிழமையில் வையுங்கள், வேலைக்குப் போகும் பெண்களும் வரட்டும். பெருந்திருவாளின் ஒப்பாரியில் மட்டும் கை வைக்காதீர்கள்.