லைன் என்ற சொல் லயமான கதை

ஆங்கில அகராதியில் ‘லைன்’ என்ற சொல்லுக்கு மட்டும் பல பத்திகள் ஒதுக்கியிருப்பார்கள். கோடு, வரிசை, பாதை, கயிறு, கம்பி, எல்லை, வம்சம், கவிதையின் அடி என்று பொருள்கள் நீண்டுகொண்டே போகும். இலத்தீன் மொழியில் ஆளிச்செடியின் நாரில் திரித்த நூலைக் குறித்த சொல்லே இதற்கு மூலம். கோடு, எழுத்து வரி, அரசு விதிக்கும் வரி என மூன்றையும் நம் ‘வரி’ என்ற சொல் சுமப்பதைப் போல, அந்த ஒற்றை நூலும் இத்தனை பொருள்களைச் சுமக்கிறது.

பத்திரிகைத் தொழிலில் இருந்தவர்களுக்கு ஹெட்லைன், பைலைன், டெட்லைன் மூன்றும் அன்றாடச் சொற்கள். கடைசிச் சொல்லின் பூர்வீகம் கொடியது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864இல் ஆண்டர்சன்வில் போர்க்கைதிகள் முகாமில் மதிலுக்கு உட்புறம் ஓர் எல்லைக்கோடு வகுத்திருந்தார்கள். அதைத் தாண்டும் கைதியைக் காவலர் சுடலாம். அதுவே டெட்லைன்.

தமிழ்நாட்டில் தொலைபேசிக்கு லைன் கிடைப்பதில்லை. ரேஷன் கடையில் லைனில் நிற்கிறோம். இளைஞர்கள் ‘லைன் அடிக்கிறார்கள்’. இலங்கையின் சப்ரகமுவ மாகாணத்துத் தோட்டங்களில் வாழும் தமிழருக்கோ அந்தச் சொல் முதலில் குறிப்பது குடியிருப்பை. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் ‘லைன்’ என்பது ‘லயன்’ ஆகி, பின்னர் ‘லயம்’ ஆகிவிட்டது.

இந்தப் பொருள் இராணுவத்திலிருந்து வந்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் சிப்பாய்களின் வரிசைக் குடியிருப்புகளை ‘லைன்ஸ்’ என்றார்கள். டில்லியின் சிவில் லைன்ஸும் நம் ஊர்களின் போலீஸ் லைனும் அந்த மரபில் வந்தவை. தோட்டத் துரைமார் அதே அமைப்பைத் தொழிலாளருக்குக் கட்டினார்கள். நீண்ட ஒரே கூரையின்கீழ், ஏறத்தாழ பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவில், வரிசையாக அறைகள். ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. அந்த அறைக்குப் பெயர் ‘காம்பரா’; அது போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல்.

சொல்லின் வேடிக்கையைப் பாருங்கள். வடமொழியில் லயம் என்றால் ஒன்றிக் கரைதல். இசையில் அது காலப் பிரமாணம். தோட்டத்தில் அது தகரக் கூரை. தமிழர் அதற்கு முழு இலக்கணமும் கொடுத்துவிட்டனர்: லயத்துக்குப் போகிறோம், லயத்துப் பிள்ளைகள், மேட்டு லயம், பணிய லயம். இத்தனைக்கும் வரிசையைக் குறிக்கும் நல்ல தமிழ்ச் சொல் அவர்களிடம் இருந்தது. கொழுந்து பறிக்கும் தேயிலை வரிசையை ‘நிரை’ என்றே இன்றும் சொல்கிறார்கள். உழைக்கும் இடத்துக்குத் தம் சொல்லையும், உறங்கும் இடத்துக்குத் துரையின் சொல்லையும் வைத்தார்கள். கட்டியவனும் உரிமையாளனும் துரைதானே!

அந்த உரிமை எவ்வளவு கூர்மையானது என்பதைக் கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மயர் தோட்டம் 1946இல் காட்டியது. நிலமற்ற கிராமத்தவருக்குப் பகிர்ந்தளிக்க அரசு அத்தோட்டத்தைச் சுவீகரித்தது. கிராமத்தவரின் நிலப்பசியும் பொய்யன்று. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் தொட்டே அவர்கள் நிலம் இழந்து வந்தவர்கள். ஆனால் அதற்கான விலையைக் கொடுக்க நேர்ந்தது லயத்திலிருந்த தமிழ்த் தொழிலாளர். வேலை நிறுத்தப்பட்டு, வெளியேறுமாறு அறிவித்தல் தரப்பட்டது. போக இடமில்லாதவர்கள் அங்கேயே தங்கினார்கள். அதற்காக அவர்கள்மீது குற்றவியல் அத்துமீறல் வழக்கு! இலங்கை இந்தியக் காங்கிரஸ் அதே ஆண்டில் பெரும் வேலைநிறுத்தத்தை நடத்தியது.

வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. சட்ட நூல்களில் அது செல்வநாயகம் வழக்கு எனப்படும்; தந்தை செல்வாவுக்கும் அதற்கும் தொடர்பில்லை, அது ஒரு தோட்டத் தொழிலாளியின் பெயர். 1950இல் தீர்ப்பு வந்தது. தன் வீடாக இருந்த இடத்தில் தொடர்ந்து இருப்பதே அவர் நோக்கம். உரிமையாளருக்குத் தொல்லை தருவது அன்று. ஆகவே அது குற்றமாகாது என்பது அதன் சாரம். லயத்துக் காம்பராவும் ஒருவனுக்கு வீடுதான் என்று பேரரசின் உச்ச நீதிபீடம் ஏற்றுக்கொண்டது. அதற்குள் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிவிட்டது. வீடு உண்டு, நாடு இல்லை என்ற நிலை!

1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சியிருந்த நாடற்றோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை தந்தது. இன்று அவர்களுக்கு வாக்கு உண்டு. ஆயினும் பலர் இன்னும் லயங்களிலேயே வாழ்கிறார்கள். காம்பராவுக்கு உறுதிப்பத்திரம் இல்லை. 2016 மே மாத மழையில் கேகாலை மாவட்டத்து அரநாயக்கவிலும் புளத்கொகுபிட்டியவிலும் மலை சரிந்து உயிர்களைக் குடித்தது. புளத்கொகுபிட்டியவில் மண்ணுக்குள் போனவை லயங்கள்.

கடலுக்கு இப்பாலும் அதே கதைதான். மூணாறிலும் தோட்டக் குடியிருப்புக்குப் பெயர் லயம். 2020 ஆகஸ்டில் பெட்டிமுடி மண்சரிவில் 70 பேர் மாண்டது அத்தகைய லயங்களில்தான்.

மலையகத்தில் ஏழு பேர்ச் காணியும் தனிவீடும் என்ற திட்டம் சில ஆண்டுகளாக நடந்துவருகிறது. ஏழு பேர்ச் என்பது சுமார் 1,900 சதுர அடி. ஒரு காம்பராவின் பரப்பு 120 சதுர அடி. இந்த இரு எண்களுக்கும் நடுவில்தான் ஒரு சமூகத்தின் வருங்காலம் இருக்கிறது. அகராதியில் ஒரு பொருளை ‘வழக்கொழிந்தது’ என்று குறிப்பது சாதாரண வேலை. லயம் என்ற சொல்லுக்கு எதிரே அக்குறிப்பை எழுதும் நாளையே அம்மக்கள் எதிர்பார்த்திருக்கிறார்கள்.