பைன்ஹர்ஸ்ட் இரண்டாம் எண் கோல்ஃப் திடல்: மறுசீரமைப்பும் நீர்ப்பயன்பாட்டு வரலாறும்

முன்னுரை

கோல்ஃப் திடல்களின் சூழலியல் சுமையைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் நீர், உரம், பூச்சிக்கொல்லி ஆகியவற்றின் அளவையே பேசுகின்றன. இவ்வளவு நீரை வேண்டும் திடல் எப்பொழுது, எதனால் உருவாயிற்று என்னும் வினா அவற்றில் அருகியே எழுப்பப்படுகிறது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்திலுள்ள பைன்ஹர்ஸ்ட் இரண்டாம் எண் திடல் அவ்வினாவுக்கு விடை தேட ஏற்ற களம். 2010-2011இல் அங்கு நடந்த மறுசீரமைப்பு, நீர்ச்சிக்கனத்திற்கு முன்மாதிரியாகப் பரவலாக எடுத்துக்காட்டப்படுகிறது. அச்சிக்கனம் சூழலியல் நோக்கில் தொடங்கியதன்று, ஒரு பழைய வடிவத்தைத் தேடியதன் விளைவு என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

காடழிந்த மணல்நிலம்

சேண்ட்ஹில்ஸ் எனப்படும் அப்பகுதி நீள்இலைப் பைன் மரக்காடாக இருந்தது. அவ்வப்போது பரவும் தரைத்தீயினால் வாழும் காடு அது. மரங்களுக்கிடையே வளரும் ஒயர்கிராஸ் என்னும் கொத்துப்புல், வளர்பருவத்தில் எரிந்த பின்னரே நன்கு பூக்கும். 19ஆம் நூற்றாண்டில் டர்பென்டைன் எடுப்பதற்காக மரங்கள் கீறப்பட்டன. பின்னர் மரக்கட்டைக்காக வெட்டப்பட்டன. சோடா நீரூற்று எந்திரங்கள் செய்து செல்வம் ஈட்டிய ஜேம்ஸ் வாக்கர் டஃப்ட்ஸ் 1895இல் இங்கு நிலம் வாங்கி உடல்நல விடுதி அமைத்தபொழுது, அவருக்குக் கிடைத்தது பெரும்பகுதி மொட்டை மணலே.

ஸ்காட்லாந்தின் டோர்னாக் ஊரில் 1872இல் பிறந்த டொனால்டு ராஸ் 1900இல் இங்கு வந்தார். இரண்டாம் எண் திடல் 1907இல் திறக்கப்பட்டது. 1948இல் இறக்கும்வரை அவர் அதைத் திருத்திக்கொண்டே இருந்தார். குழிகள் அமையும் கிரீன்கள்கூட 1930களின் நடுப்பகுதிவரை மணலால் ஆனவை. புற்கிரீன்கள் வந்த பிறகும், ஃபேர்வே எனப்படும் நடுத்தடத்திற்கு வெளியே மணலும் காட்டுப்புல்லும் பைன் சருகுமே கிடந்தன. கடலோர மணல்மேட்டில் ஆடிப் பழகிய ஸ்காட்லாந்துக்காரருக்கு அது குறையாகத் தோன்றியிருக்க இடமில்லை.

பசுமையின் வருகை

1970களில், உரிமை கைமாறிய பின், மணற்பரப்புகள் பெர்முடா புல்லால் மூடப்பட்டன. (நாம் அருகு என்றழைக்கும் புல்லினமே பெர்முடா, திடல்களில் பெரிதும் இடப்படுவது அருகும் அதன் ஆப்பிரிக்க உறவினமும் கலந்த கலப்பினம். வறட்சி தாங்கும் இப்புல்லுக்கு இவ்வளவு நீர் எதற்கு எனும் ஐயம் இயல்பானதே. உயிர் பிழைப்பதற்கன்று, நிறம் மாறாதிருப்பதற்கே பெரும்பகுதி நீர் செலவாகிறது.) இம்மாற்றம் பைன்ஹர்ஸ்டுக்கு மட்டும் உரியதன்று. அகஸ்டாவில் நடைபெறும் மாஸ்டர்ஸ் போட்டி 1966இல் முதன்முறையாக வண்ணத்தில் ஒளிபரப்பாயிற்று. அதன் மாசற்ற பச்சை பிற திடல்களுக்கும் அளவுகோலாயிற்று. தானியங்கி நீர்த்தெளிப்பான்கள் அதைக் கைகூடச் செய்தன.

குழாய் காட்டிய எல்லை

மறுசீரமைப்பை ஏற்ற பில் கூர், பென் கிரென்ஷா ஆகியோரின் முதற்பணி சான்று தேடுவதாகவே இருந்தது. இருவகைச் சான்றுகள் கிட்டின. ஒன்று, 1943 டிசம்பரில் எடுக்கப்பட்ட வான்படங்கள். மற்றொன்று, மண்ணுக்கடியில் கிடந்த ராஸ் காலத்துப் பாசனக்குழாய்த் தடம். அக்காலத்தில் ஃபேர்வேயின் நடுவே ஒற்றை வரிசையில் மட்டுமே குழாய் பதிக்கப்பட்டது. தெளிப்பானின் நீர் எட்டிய தொலைவுவரை புல் அடர்ந்தது. அதற்கப்பால் மெலிந்து, முடிவில் மணலாயிற்று. அதாவது, ஃபேர்வேயின் விளிம்பை வரைந்ததில் வடிவமைப்பாளரின் கோலுக்கு நிகராக நீரின் வீச்சுக்கும் பங்குண்டு. குழாயின் தடத்தைக் கண்டதும் பழைய தடத்தின் நடுக்கோடும் புலப்பட்டது. தொல்லியலாளர் முறைக்கு நெருங்கிய இப்பணி, திடல் வரலாற்றில் உரிய கவனம் பெறவில்லை என்றே தோன்றுகிறது.

ஏறத்தாழ 35 ஏக்கர் புல்தரை அகற்றப்பட்டது. இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட ஒயர்கிராஸ் நாற்றுகள் நடப்பட்டன. 1,150 அளவில் இருந்த நீர்த்தெளிப்பான்கள் 450 ஆகக் குறைந்தன. ஆண்டு நீர்ப்பயன்பாடு சுமார் 5.5 கோடி கேலனிலிருந்து 1.5 கோடி கேலனாகக் குறைந்ததென்பது விடுதித் தரப்பு தரும் கணக்கு. மழையளவைப் பொறுத்து ஆண்டுதோறும் மாறக்கூடியது என்பதால், இதைப் போக்கின் குறியீடாகக் கொள்ளலாமேயன்றி நிலையான அளவாகக் கொள்ளலாகாது.

2014 ஜூனில் ஆடவர், மகளிர் யு.எஸ். ஓப்பன் போட்டிகள் அடுத்தடுத்த வாரங்களில் இங்கு நடந்தன. தொலைக்காட்சியில் பழுப்பைக் கண்டு, திடல் பாழடைந்துவிட்டதாகச் சிலர் குறைகூறினர். நாற்பதாண்டுக்கும் மேலான வண்ண ஒளிபரப்பு பழக்கிய கண்கள் அவை.

எந்தப் பழமை?

மீட்கப்பட்டது 1940களின் திடல். 1890களுக்கு முந்தைய காடு அன்று. ஒயர்கிராஸ் இங்கு நட்டு வளர்க்கப்படுகிறது; காட்டுத்தீயின் சுழற்சி திரும்பவில்லை. காட்டைப் பற்றிய அக்கறைக்கு வேறொரு நிகழ்வையே சுட்டவேண்டும். சிவப்புக் கொண்டை மரங்கொத்தி முதிர்ந்த உயிருள்ள பைன் மரங்களில் பொந்து குடைந்து வாழ்வது. 1973ஆம் ஆண்டு அழிவுநிலை உயிரினச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்கு அஞ்சிய நிலவுடைமையாளர் சிலர், மரம் முதிருமுன்னரே வெட்டினர். பறவைக்கு இடமளிப்போர்மீது கூடுதல் கட்டுப்பாடு விதிக்கப்படாது என்று உறுதியளிக்கும் 'பாதுகாப்புத் துறைமுக' ஒப்பந்தத்தில் 1995இல் முதலில் கையெழுத்திட்டது பைன்ஹர்ஸ்ட் விடுதியே. மறுசீரமைப்புக்குப் பதினைந்தாண்டு முந்தைய இவ்வொப்பந்தம், சூழலியல் நோக்கில் அதைவிடத் தெளிவானது.

நான்காம் எண் திடலும் 2018இல் மணலும் காட்டுப்புல்லுமாக மாற்றப்பட்டது. 2024இல், முன்பு மணல் அகழப்பட்ட நிலத்தில், பத்தாம் எண் திடல் திறக்கப்பட்டது. ஒரு திடலில் மிச்சமாகும் நீரும், திடல்களின் எண்ணிக்கை கூடுவதால் விடுதி முழுமைக்கும் ஆகும் நீரும் வெவ்வேறு கணக்குகள். இதுவரை எடுத்துக்காட்டப்படுவது முதற்கணக்கே.