பழைய மணிக்கூடும் மாத்தளைக் கற்களும்

பாட்டன் கட்டிய கைமணிக்கூடொன்று பெட்டியின் அடியிலிருந்து வெளிவருகிறது. கண்ணாடி வெடித்திருக்கிறது, முகப்பு மங்கியிருக்கிறது, முட்கள் அசைவற்றுக் கிடக்கின்றன. இதைத் திருத்துவதா, இருந்தபடியே வைப்பதா?

நேயர்களே, இது வீட்டுக்குள் மட்டும் எழும் கேள்வியல்ல. மாத்தளை மாவட்டம் இதே கேள்வியை மிகப் பெரிய அளவில் எதிர்கொண்ட மண்.

நாலந்தா கெடிகே கி.பி. 8ஆம் நூற்றாண்டுக்கும் 10ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டதெனக் கொள்ளப்படும் கற்கோயில். பல்லவர் பாணியை நினைவூட்டும் அமைப்பில் பௌத்தம் குடிகொண்ட அபூர்வம் அது. மகாவலித் திட்டத்தின் கீழ் போவத்தென்ன நீர்த்தேக்கம் எழுந்தபோது, அது நின்ற நிலம் நீருக்குள் போகவிருந்தது. 1970களில் கல் கல்லாகக் கழற்றி, மேட்டு நிலத்தில் மீண்டும் அடுக்கினார்கள். மணிக்கூட்டைக் கழற்றிப் பூட்டுவது போன்ற வேலைதான். ஒரு கல் இடம் மாறினாலும் கட்டடம் பொய்யாகிவிடும். பழைய நிலம் போயிற்று, கோயில் எஞ்சிற்று.

சீகிரியாவின் கதை வேறு. 1967 ஒக்டோபரில் விஷமிகள் 5ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் மீது பச்சை வர்ணத்தை அப்பினார்கள். அப்போது தொல்பொருள் ஆணையாளராக இருந்த ராஜா டி சில்வா இரசாயனவியல் கற்றவர். இத்தாலியிலிருந்து லூசியானோ மரன்சி என்னும் நிபுணர் வரவழைக்கப்பட்டார். பச்சையை நீக்க வேண்டும். அதனடியிலுள்ள பழைய வர்ணம் கூடவே வந்துவிடவும் கூடாது. புதிய மங்கையரைத் தீட்டுவது எளிது. ஆனால் அவர்கள் காசியப்பன் காலத்தவர் ஆகமாட்டார்கள்.

மாத்தளை முத்துமாரியம்மன் ஆலயமோ 1983 ஜூலை வன்செயலில் தீக்கிரையானது. கருகிய மரத்தில் தேர் ஓடாது. வழிபாடு தொடர வேண்டுமாயின் புதிதாக்கியே ஆகவேண்டும். இன்று மாசிமகத்தில் அங்கே ஐந்து தேர்கள் வீதியுலா வருகின்றன. அதற்காக 1983ஐ மறந்துவிட்டார்கள் என்று யார் சொல்வார்?

ஆக, பழுதுபார்க்குமுன் அப்பொருள் எதற்காக இருக்கிறது என்று கேட்க வேண்டும். ஹிரோஷிமா நினைவு அருங்காட்சியகத்தில், 1945 ஆகஸ்ட் 6 காலை 8.15இல் நின்றுபோன மணிக்கூடு இருக்கிறது. அதை ஓடவைப்பது அதன் சாட்சியத்தை அழிப்பதாகும்.

பாட்டனின் மணிக்கூடு அத்தகையதல்ல. அது கையில் ஓடப் பிறந்தது. உலர்ந்த எண்ணெயைக் கழுவிப் புது எண்ணெய் இடலாம். முறிந்த சுருள்வில்லை மாற்றலாம். வெடித்த கண்ணாடியையும் மாற்றலாம். முகப்பில் மட்டும் கைவைக்க வேண்டாம். அதற்குப் புது வர்ணம் பூசினால் பழைய எழுத்தும் கறையும் திரும்பி வரா. இருளில் ஒளிரும் பழைய முகப்பாயின் இன்னும் எச்சரிக்கை தேவை. அதில் றேடியம் இருக்கலாம். அதன் வீரியம் பாதியாகக் குறையவே சுமார் 1,600 ஆண்டுகள் செல்லும். ஒளி மங்கிவிட்டதென்று அதைச் சுரண்டக் கூடாது.

கடைக்காரரிடம் கொடுக்கும்போது ஒன்றைச் சொல்லி வையுங்கள்: கழற்றி எடுக்கும் பழைய பாகங்களையும் ஒரு சிறு பொட்டலத்தில் கட்டித் தரச் சொல்லுங்கள். நாளை பேரப்பிள்ளை ஒருவன், எது பாட்டனுடையது, எது நாம் சேர்த்தது என்று கேட்பான். அவனுக்குக் காட்ட நம்மிடம் ஏதாவது இருக்க வேண்டும்.