பெயர் மாறி வந்த சம்மன்

ஞானஸ்நானப் புத்தகத்தில் சேவியர்; பள்ளிச் சான்றிதழில் சவரிமுத்து; வீட்டு மனைப் பத்திரத்திலோ தகப்பனார் பெயரோடு சேர்ந்த வேறொன்று. நமது சேக்காட்டுக் குடும்பங்களில் இது புதுமையன்று. கோர்ட்டு சம்மன் வந்தால்தான் சிக்கல் தெரியும். "இது என் பெயரல்ல" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடலாமா?

இங்கிலாந்தில் முற்காலத்தில் அது ஒரு தப்பும் வழியாகவே இருந்தது. பெயர் தவறு என்று பிரதிவாதி ஆட்சேபித்து, தன் மெய்ப்பெயரைக் கூறினால் போதும், வழக்கு சரிந்துவிடும். கடன் மட்டும் அப்படியே நிற்கும்! 1833-ம் வருஷத்துச் சட்டம் இந்த வித்தையை ஒழித்து, பெயரைத் திருத்தி வழக்கை நடத்தும்படி செய்தது. சில வக்கீல்களுக்கு வருத்தமாயிருந்திருக்கும்.

நம் தேசத்திலும் அந்த வழியே நிலைத்தது. 1950-ல் நைனிடால் கோர்ட்டில், மரம் விற்ற பணம் சுமார் பத்தாயிரம் ரூபாய்க்காக ஒரு வியாபாரி தன் கடையின் பெயரிலேயே வழக்குத் தொடுத்தார். கடைப் பெயரில் வழக்குப் போட முடியாதென்று எதிர்த்தரப்பு வாதாடிற்று. அலகாபாத் ஹைகோர்ட்டு அதை ஏற்றது. சுப்ரீம் கோர்ட்டோ 1969-ல், ஆள் ஒருவரே, பெயர்தான் பிழை, திருத்திக்கொள்ளலாம் என்று தீர்த்தது. பத்தொன்பது வருஷம்!

ஆனால் பிழையான பெயர் வேறு, பிழையான ஆள் வேறு. ஆவடி வழியே ஓடும் ரயிலுக்குச் சொந்தக்காரர் யார்? கேரள அரசு நஷ்டஈடு கேட்டு, சென்னையிலுள்ள தெற்கு ரயில்வே ஜெனரல் மானேஜர் மீது வழக்குப் போட்டது. சொத்து மத்திய சர்க்காருடையது; சிவில் நடைமுறைச் சட்டம் 79-வது பிரிவின்படி 'இந்திய யூனியன்' என்றே பிரதிவாதியைக் குறிக்க வேண்டும்; அவ்வாறு சேர்க்காத வழக்கு நிற்காது என்று 1976-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறிவிட்டது. ஓர் அரசாங்கமே இன்னொரு அரசாங்கத்தின் பெயரில் இடறியது! வெள்ளைக்காரர் காலத்தில், 1858-ம் வருஷச் சட்டப்படி, 'ஆலோசனை சபையோடு கூடிய இந்தியா மந்திரி' மீதே வழக்குப் போட வேண்டியிருந்தது. நம் பக்கத்து டாங்கித் தொழிற்சாலையும் 2021 அக்டோபர் 1 முதல் ஒரு கம்பெனியின் கீழ் போய்விட்டபடியால், யார் மேல் வழக்கு என்பதை விசாரித்தே எழுத வேண்டும்.

காலக்கெடு கடந்தபின் புது ஆளைச் சேர்த்தால், சேர்த்த நாளிலிருந்துதான் அவர்மேல் வழக்கு ஆரம்பமானதாகக் கணக்கு. நல்லெண்ணத்தில் நேர்ந்த தவறு என்று கோர்ட்டார் திருப்தியடைந்தால் பழைய தேதியைக் கொடுக்கலாம் என்று 1963-ம் வருஷக் காலவரையறைச் சட்டம், 21-வது பிரிவு இடம் தருகிறது. பெயரில் மட்டும் பிழையிருந்தால் இந்தத் தொல்லையில்லை.

ஆகவே சம்மனில் பெயர் பிசகியிருந்தாலும், விஷயம் நம்மைப் பற்றியதானால், பூந்தமல்லியோ அம்பத்தூரோ, குறித்த தேதியில் ஆஜராகிப் பிழையைச் சொல்வதே நலம். போகாமலிருந்தால் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு வரும். அதை நீக்கக் கேட்க முப்பது நாள்தான் கெடு. சம்மன் முறையாகச் சேராதிருந்தால் தீர்ப்பு தெரிந்த நாள் முதல் எண்ணுவார்கள். சம்மன் கையில் வாங்கியவர் அப்படிச் சொல்ல முடியாது. இரண்டு பெயரும் ஒருவரே என்று காட்ட ஞானஸ்நானப் புத்தக நகலும் உதவும். பத்திரம் எழுதுகிறவர்கள் இதற்கு வெகுகாலமாக ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: 'சவரிமுத்து என்கிற சேவியர்'.