சாட்சியும் தராசும்

காட்டாங்குளத்தூரில் மின்ரயில் ஏறி எழும்பூரில் இறங்குவோர்க்கு வேப்பேரி தொலைவன்று. அங்கேதான் 1944 நவம்பர் 8ஆம் நாள், ரிக்ஷாவில் சென்றுகொண்டிருந்த 'இந்து நேசன்' இதழாசிரியர் லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டார். குருதி வழிய வழக்கறிஞர் நண்பரின் இல்லம் சேர்ந்து, பின் பொது மருத்துவமனைக்குச் சென்ற அவர் மறுநாள் விடியலில் மாண்டார்.

திரையுலகினரின் அந்தரங்கங்களை அச்சேற்றிய ஏடு அது. ஆகவே ஐயம் கலைஞர்கள் பக்கம் திரும்பிற்று. எம்.கே. தியாகராஜ பாகவதர், என்.எஸ். கிருஷ்ணன், இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் கைதாயினர். நாயுடு விடுபட்டார். மற்ற இருவரையும் ஒன்பது ஜூரர்களில் அறுவர் குற்றவாளிகள் என்றனர், மூவர் மறுத்தனர். 1945 மே மாதம் நீதிபதி மாக்கெட் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதித்தார்.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். கலைஞர்கள் மீதான குற்றச்சாட்டு கத்தி எடுத்தனர் என்பதன்று. சதி செய்தனர் என்பதே. குத்துண்டவர் உயிரோடிருந்தபோது எதைச் சொல்லியிருப்பினும், தம் எதிரே நின்றவரைப் பற்றியே சொல்லியிருக்க முடியும். தெருவில் கண்டவரும் கண்ட அளவே சொல்வர். மூடிய அறையில் நடந்ததாகக் கூறப்படும் சதிக்கு, அதில் பங்கு கொண்டவனே சாட்சி! அவனையே அப்ரூவர் என்கிறோம். தன்னைக் காத்துக்கொள்ளப் பிறரைக் காட்டிக்கொடுப்பவன் சொல்லை எங்ஙனம் நம்புவது?

1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டமே இதில் தயங்கியது. குற்றத் தோழனின் சொல்லை மட்டும் நம்பித் தண்டித்தாலும் சட்டப் பிழையில்லை என்றது 133ஆம் பிரிவு. வேறு சான்று துணை நில்லாவிடில் அவன் நம்பத்தகாதவன் எனக் கருதலாம் என்றது 114ஆம் பிரிவு. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமோ, துணைச்சான்றுள்ள சாட்சியம் என்றே குறிப்பிடுகிறது.

நம் ஹதீஸ் கலை அறிஞர்கள், செய்தியை ஏற்குமுன் அறிவிப்பாளரின் வாய்மையையும் நினைவாற்றலையும் துருவி ஆராய்ந்தனர். சொல்வது என்ன என்பதோடு, சொல்பவர் யார் என்பதும் அவர்களுக்கு முக்கியம்.

கலைஞர்களின் முதல் மேல்முறையீடு தள்ளுபடியாயிற்று. இலண்டன் பிரிவி கவுன்சில் வழக்கை மீண்டும் விசாரிக்கப் பணித்தது. 1947 ஏப்ரலில், சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஹாப்பெல், ஷஹாபுத்தீன் இருவரும் ஆராய்ந்து கலைஞர்களை விடுவித்தனர். இந்த ஷஹாபுத்தீனே 1960இல் பாகிஸ்தானின் தலைமை நீதிபதியானவர்.

சாட்சியம் அதேதான், நிறுத்த கைகளே வேறு! அறுவர் நம்பியதை மூவர் நம்பவில்லை. ஓர் அமர்வு ஏற்றதை மற்றோர் அமர்வு ஏற்கவில்லை. இதற்கிடையே இரு மனிதர் ஏறத்தாழ முப்பது மாதங்கள் சிறையில் கழித்தனர். கிருஷ்ணன் மீண்டும் திரையில் ஒளிர்ந்தார். பாகவதரின் பழம்புகழோ திரும்பவேயில்லை.

கொலைக்குப் பின்னிருந்தவர் எவர்? விடை இன்றுமில்லை. விடை கிட்டாமை வேதனையே. ஆயினும் அவ்வெற்றிடத்தை ஐயத்தால் நிரப்புவது அதனினும் பெரிய கேடு. வதந்தியால் வாழ்ந்த ஓர் ஏட்டின் ஆசிரியர் மரணத்தையே வதந்தியால் தீர்த்துவிட முனைந்தோம் அல்லவா? நம் வீட்டுத் திண்ணையிலும் அன்றாடம் எவரையேனும் பற்றிச் சாட்சி சொல்லப்படுகிறது. கேட்பவர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு தராசு உண்டு என்பதை மறவாதிருப்போம்.