செஞ்சிக் குளமும் நம் மாடித் தொட்டியும்



தளவானூரில் முதலாம் மகேந்திரவர்மன் 7ஆம் நூற்றாண்டில் குடைவித்த குடைவரைக் கோயிலைப் பார்க்கப் போனால், அப்படியே செஞ்சிக் கோட்டைக்கும் ஒரு நடை போய் வாருங்கள். மதிலையும் பீரங்கியையும் பார்ப்பதோடு திரும்பிவிடாமல், அங்கே தண்ணீர் எங்கிருந்து வந்தது என்றும் கவனியுங்கள்.

1690இல் மொகலாயப் படை செஞ்சியை முற்றுகையிட்டது. கோட்டை விழுந்தது 1698இல்தான். அத்தனை காலம் தாக்குப்பிடித்ததற்குப் பல காரணங்கள் உண்டு. தண்ணீர் அவற்றில் ஒன்று. ராஜகிரி மலைமேல் சுனை, அடிவாரத்தில் குளம் என்று சேமிப்பு இருந்தது. கல்யாண மகாலின் மாடிக்கு, சுமார் 500 மீட்டர் தொலைவிலிருந்த நீர்த்தேக்கத்திலிருந்து சுட்ட மண்குழாய் வழியே தண்ணீர் ஏறியது. மோட்டார் கிடையாது. தண்ணீர் தன் மட்டத்தைத் தானே தேடும் என்ற கணக்குதான்.

தேக்கி வைப்பதில் நன்மையும் உண்டு, கெடுதலும் உண்டு. அசையாத தண்ணீரில் கலங்கல் அடியில் படியும். அதற்காகவே நம் பாட்டிமார் பானைக்குள் தேற்றாங்கொட்டையை உரைத்தார்கள். ஆனால் அவர்கள் பானையைக் கழுவவும் மறக்கவில்லை. படிந்த சேற்றை அப்படியே விட்டால் கிருமிகள் அதில்தான் குடியேறும்.

நம் சம்ப்பிலும் மாடித் தொட்டியிலும் நடப்பது இதுவே. குழாயில் வரும் தண்ணீரில் குளோரின் இருக்கும். தொட்டியில் நாள்கணக்கில் கிடந்தால், அதிலும் வெயிலில் சூடானால், அது குறைந்துகொண்டே போகும். குளோரின் கலந்த குடிநீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சியிருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணய அமைவனம். மூடி விலகியிருந்தால் வெளிச்சம் பட்டுப் பாசி பிடிக்கும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். சம்ப்புச் சுவரில் விரிசல் இருந்து, பக்கத்தில் கழிவுநீர்க் குழாயும் கசிந்தால், வயிற்றுப்போக்கு முதலில் தாக்குவது நம் குழந்தைகளைத்தான்.

எனவே உங்களிடம் சில வேண்டுகோள்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொட்டி கழுவும் நாளில் தண்ணீர் நிற்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கழுவி முடிந்ததும் மாடிக்கு வந்து உள்ளே ஒருமுறை எட்டிப் பாருங்கள். மூடி, வலை, விரிசல் எதில் குறை தெரிந்தாலும் அன்றே சங்கத்திடம் சொல்லுங்கள். குடிக்கும் தண்ணீரைக் காய்ச்சியே குடியுங்கள்.

செஞ்சியில் குளம் எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் இருந்தது. நம் தொட்டியோ மாடியில், மூடிக்குள் கிடக்கிறது. ஏறிப் பார்த்தால்தான் அதன் நிலை நமக்குத் தெரியும்.