சங்கிலி எங்கிருந்து வந்தது?

கொள்ளிடத்தின் வடகரையில் அமைந்த திருமழபாடியில் கோயில் கொண்ட இறைவனுக்கு வைத்தியநாதர் என்று பெயர். அங்கிருந்து ஆற்றை எதிர்த்து மேற்கே சென்று, காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பையும் கடந்தால் குணசீலம் வரும். மனம் பேதலித்தவர்களை அழைத்துவந்து ஒரு மண்டலம், அதாவது 48 நாள், தங்கவைக்கும் பெருமாள் கோயில் அவ்வூரில் உள்ளது. தெற்கே வெகுதொலைவில், இராமநாதபுரம் கடலோரத்தில், சுல்தான் சையிது இப்ராஹீம் ஷஹீது அடங்கியிருக்கும் ஏர்வாடி தர்கா இருக்கிறது. பிள்ளையின் மனம் கலங்கிப்போன வீட்டார் இவ்விடங்களை நாடியபோது சமய வேறுபாடு பார்க்கவில்லை. ஏர்வாடிக்கு வந்தவர்களில் எல்லாச் சமயத்தவரும் இருந்தனர்.

2001 ஆகஸ்டு 6 அன்று விடியற்காலையில், ஏர்வாடியில் தனியார் நடத்திவந்த ஒரு மனநலக் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். ஓட முடிந்தவர்கள் ஓடினர். 25 பேர் அங்கேயே கருகி மாண்டனர். பின்னர் மூவர் இறக்க, எண்ணிக்கை 28 ஆயிற்று. ஒரு வாரத்துக்குள் அவ்வூரிலிருந்த இத்தகைய காப்பகங்கள் அனைத்தும் மூடப்பட்டன. 500க்கும் மேற்பட்டவர்களை அரசு தன் பொறுப்பில் ஏற்றுக்கொண்டது.

அப்போது நாடெங்கும் எழுந்த சினம் நியாயமானது. ஆனால் அந்தச் சினத்தில் இரண்டு செய்திகள் ஒன்றாகக் கலந்துவிட்டன. தீப்பிடித்த கொட்டகை தர்காவைச் சேர்ந்ததன்று. தர்காவுக்கு வரும் கூட்டத்தை நம்பிச் சுற்றிலும் முளைத்த தனியார் விடுதிகளில் அதுவும் ஒன்று. அடுத்து, சங்கிலியிட்டுப் போன பெற்றோரைக் கல்நெஞ்சர் என்று ஏசியவர்கள், அவர்களுக்கு வேறு எந்தக் கதவு திறந்திருந்தது என்று கேட்க மறந்தார்கள். தொடக்கத்தில் குடும்பத்தாரும் நோயாளியோடு தர்காவைச் சுற்றித் தங்கினர். கூலி வேலையை விட்டுவிட்டு மாதக்கணக்கில் எவரால் தங்க முடியும்? ஊரில் மற்ற பிள்ளைகள் பசித்திருப்பார்கள். அந்த இடைவெளியில்தான் விடுதிக்காரர் வந்தார். மாதந்தோறும் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு, "நீங்கள் போய் வாருங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றார். குடும்பம் விலகிய இடத்தில் சங்கிலி வந்து அமர்ந்தது.

மருத்துவமனை இல்லாமலில்லை. சென்னையில் 1794இல் வாலன்டைன் கொனோலி என்னும் ஆங்கிலேய மருத்துவர் தொடங்கிய மனநோயாளர் இல்லமே பின்னாளில் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையாக வளர்ந்தது. 1961 முதல் அதன் கண்காணிப்பாளராக விளங்கிய டாக்டர் சாரதா மேனன் அங்கே செய்த சீர்திருத்தங்கள் பல. ஆயினும் தமிழ்ப் பேச்சுவழக்கில் "கீழ்ப்பாக்கம்" என்ற ஊர்ப்பெயரே ஒரு வசைச்சொல்லாகிவிட்டது. பிள்ளை எங்கே என்று உறவினர் கேட்டால், "ஏர்வாடிக்கு அழைத்துப் போயிருக்கிறோம்" என்பது மரியாதையான விடை. "கீழ்ப்பாக்கத்தில் இருக்கிறான்" என்று சொன்னாலோ, அவன் தங்கைக்கு வரும் சம்பந்தமும் நின்றுபோகும். தர்காவைத் தேடிச் சென்றவர்களை மூடநம்பிக்கையாளர் என்று ஒரே சொல்லில் ஒதுக்குவோர் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

நம் முன்னோரின் வரலாற்றில் இந்தக் கூச்சம் இவ்வளவு இறுகியிருக்கவில்லை. கி.பி. 934இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ, உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் இணைத்து எழுதினார். சினம், அச்சம், துயரம், விடாமல் அரிக்கும் எண்ணங்கள் ஆகியவற்றைத் தனித்தனியே ஆராய்ந்தார். காரணம் தெரிந்த துயரம் வேறு, காரணமின்றிக் கவியும் துயரம் வேறு என்று பிரித்துக் காட்டியவரும் அவரே. கெய்ரோவில் 1284இல் சுல்தான் கலாவூன் எழுப்பிய பீமாரிஸ்தான், அதாவது மருத்துவமனை, மனநோயாளருக்கும் இடம் ஒதுக்கியிருந்தது. அதன் செலவுக்கு வக்ஃபுச் சொத்துகளின் வருவாய் எழுதிவைக்கப்பட்டது. மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியதை அந்தத் தலைமுறையினர் உள்ளத்துக்கும் பொருத்திப் புரிந்துகொண்டனர். அங்கும் முரட்டு நோயாளிகளைக் கட்டிவைத்ததுண்டு. பழங்காலத்தைப் பொன்முலாம் பூசிக் காட்ட வேண்டியதில்லை. ஆனால் வக்ஃபு என்பது தொழுமிடத்துக்கும் மையவாடிக்கும் மட்டும் உரியது என்னும் இன்றைய குறுக்கம் அவர்களிடம் இல்லை.

குடும்பத்தை வெளியே நிறுத்தாமல் உள்ளே அழைத்த மருத்துவர்கள் நம் நாட்டிலும் இருந்தனர். 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையின் தலைவராக இருந்த டாக்டர் வித்யா சாகர், வளாகத்தில் கூடாரங்கள் அடித்து, நோயாளியின் உறவினரையும் அங்கேயே தங்கவைத்தார். நோயாளிகள் விரைவாகத் தேறினர். வீட்டார் நோயைப் பற்றிக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினர். தமிழகத்தில் 1957இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி தொடங்கிய மனநல மையமும் உறவினர் ஒருவர் உடன் தங்குவதையே முறையாகக் கொண்டது. 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்த ஓர் ஆய்வும் இங்கே கருதத்தக்கது. தமிழகத்தின் ஒரு சிறு கோயிலில் உறவினரோடு தங்கிய 31 மனநோயாளரை மருத்துவர்கள் பரிசோதித்தனர். அங்கே நோய் தீர்க்கும் தனிச்சடங்கு எதுவும் இல்லை. சராசரியாக ஆறு வாரம் தங்கியபின் அவர்களுடைய நோய்க்குறிகளின் அளவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அச்சுறுத்தாத, ஆதரவான சூழலே இதற்குக் காரணமாகலாம் என்று ஆய்வாளர் கருதினர். மருந்து வேண்டாம் என்பதற்கு இது சான்றாகாது. மருந்தோடு சேர வேண்டியது எது என்பதற்குச் சான்றாகும்.

ஏர்வாடித் தீயைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்ட உச்ச நீதிமன்றம், 2002 பிப்ரவரியில் அரசுகளுக்குக் கட்டளைகள் பிறப்பித்தது. சங்கிலியிடுவது சட்டவிரோதம் என்றும், நோயாளரை மருத்துவரிடம் அனுப்ப வேண்டுமேயன்றிக் கோயிலுக்கோ தர்காவுக்கோ அன்று என்றும் மக்களுக்கு அறிவுறுத்தச் சொன்னது. மக்கள் அப்போதும் தர்காவுக்கு வந்துகொண்டுதான் இருந்தனர். தீர்வு எதிர்த்திசையிலிருந்து பிறந்தது. குஜராத்தின் உனாவா ஊரிலுள்ள மீரா தாதார் தர்காவில், துஆவும் தவாவும், அதாவது வேண்டுதலும் மருந்தும், சேர்ந்த திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. முஜாவர்கள் நோயின் அறிகுறிகளைக் கற்றனர். துஆ செய்தபின் பக்கத்திலேயே அமர்ந்திருக்கும் மருத்துவரிடம் குடும்பத்தை அனுப்பினர். அதே முறை ஏர்வாடிக்கும் வந்தது. தர்காவில் நம்பிக்கை வைத்த தாயிடம் அந்நம்பிக்கையை விட்டுவிட்டு வா என்று எவரும் கேட்கவில்லை. அதனால்தான் அவள் மாத்திரையை வாங்கிக்கொண்டாள் என்பது என் கருத்து. தர்காக்களைப் பற்றி நம்முள் மார்க்கக் கருத்து வேறுபாடுகள் உண்டு. அவ்விவாதம் முடியும்வரை நோயாளி காத்திருக்க முடியாது.

மாவட்டந்தோறும் மனநலத் திட்டம் என்ற எண்ணம் 1990களின் பிற்பகுதியில் தமிழகத்துக்கு வந்தபோது, முதலில் திருச்சி மாவட்டத்தில்தான் செயல்பட்டது. இன்று எல்லா மாவட்டங்களிலும் அத்திட்டம் உண்டு. ஆனால் அரியலூர் மாவட்டத்தின் பெயரை நாடறியச் செய்த துயரம் வேறு வகையானது. 1200க்கு 1176 மதிப்பெண் பெற்று, நீட் தேர்வால் மருத்துவக் கல்வி கிட்டாமற்போன குழுமூர் மாணவி அனிதா, 2017 செப்டம்பர் 1 அன்று தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியின் அரங்கத்துக்கு இன்று அவர் பெயர். இத்தகைய மரணத்துக்கு ஒற்றைக் காரணம் சொல்வது எளிது, சரியன்று. ஆனால் அதன்பின்னும் மாணவர் மரணங்கள் தொடர்ந்தபோது, 2021இல் தமிழக அரசு செய்த ஒரு செயலைக் குறிப்பிட வேண்டும். நீட் எழுதிய ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை, அவர்கள் அழைக்கட்டும் என்று காத்திராமல், 104 சேவையின் ஆலோசகர்களே தொலைபேசியில் அழைத்துப் பேசினர். தர்கா வாசலில் மருத்துவர் போய் அமர்ந்ததற்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே. துன்பத்தில் இருப்பவர் எழுந்துவரும் வலிமையை முதலில் இழக்கிறார். பிள்ளைகளோ தம் துன்பத்துக்குப் பெயரிடவும் அறியாதவர்கள். எனவே உதவிதான் அவர்களிடம் நடந்து செல்ல வேண்டியிருக்கிறது.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை எவ்விதத்திலும் தடை செய்கிறது. 18 வயது நிறையாதவரை மருத்துவமனையில் சேர்த்தால் பெரியவர்களோடு தங்கவைக்கக் கூடாது; பெற்றோர் அல்லது அவர்களுக்கு ஈடானவர் முழு நேரமும் உடனிருக்க வேண்டும். சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைப் பொதுவாகப் பிரிக்கலாகாது. வித்யா சாகரின் கூடாரம் அறுபது ஆண்டுகள் கழித்துச் சட்டத்தின் சொற்களுக்குள் வந்து சேர்ந்ததாகவே இதை வாசிக்கத் தோன்றுகிறது.

2022 அக்டோபர் முதல் 14416 என்ற எண்ணில், இரவும் பகலும், கட்டணமின்றி, தமிழிலேயே மனநல ஆலோசகரிடம் பேசலாம். "நட்புடன் உங்களோடு" என்று தமிழக அரசு அச்சேவைக்குப் பெயரிட்டிருக்கிறது. குழந்தைகளுக்கு இடர் நேர்ந்தால் 1098. நிக்காஹ் அறிவிப்பும் ஜனாஸா நேரமும் எழுதப்படும் ஜமாஅத் பலகையில் இவ்விரு எண்களுக்கும் ஒரு வரி போதும்.